போர்டு வாங்குமுன் தராசில் ஏறுங்கள்

இந்த வாரம் வேக்போர்டிங் சாமான்கள். படகோ கேபிளோ இழுக்க, பலகையில் கால்களை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் போகிற விளையாட்டுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். சிலவற்றில் சுருக்கியபின் ஒன்றும் மிஞ்சவில்லை.

கே: என் உயரம் ஆறடி. எத்தனை செ.மீ. போர்டு வாங்க வேண்டும்?

ப: உயரம் இருக்கட்டும், எடை எவ்வளவு? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். போர்டின் நீளத்தை முடிவு செய்வது எடைதான். 60 கிலோவுக்குள் என்றால் 130-134 செ.மீ., 80 கிலோ வாக்கில் 138-140, 90ஐத் தாண்டினால் 142க்கு மேல் என்று தேட ஆரம்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு போர்டுக்கும் தயாரிப்பாளரின் எடை அட்டவணை இருக்கும், கடைசி வார்த்தை அதனுடையது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். சுலபமாகத் தண்ணீரிலிருந்து எழும்பும், குதித்து இறங்கும்போது முழங்காலை அவ்வளவாக உலுக்காது. சுழல்வதில் கொஞ்சம் மந்தம். முதல் வருடம் நீங்கள் ஒன்றும் சுழலப்போவதில்லை.

கே: ஒரே மாடலில் கறுப்பும் ஆரஞ்சும் இருக்கின்றன. எதை எடுப்பது?

ப: எடை அட்டவணையில் உங்களைச் சேர்த்துக்கொள்கிற அளவு எந்த நிறத்தில் இருக்கிறதோ, அதை.

கே: பழைய போர்டு ஒன்றை வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வீட்டில் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் நீளமாக விரிசல். விற்றவர், “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார்.

ப: விரிசல்மேல் ஸ்டிக்கர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. போர்டைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள், தண்ணீரில் இறக்காதீர்கள். விளம்பரப் படம், அவரோடு பேசிய செய்திகள், விரிசலின் படம், உரித்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் விளம்பரம் வந்த இடத்திலும் பணம் செலுத்திய வழியிலும் புகார் கொடுங்கள்.

நானும் ஒரு பழைய போர்டில் மாட்டியவன்தான். ஓட்ட ஓட்ட கனத்துக்கொண்டே போனது, எனக்குத்தான் களைப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் இரவு சுவரில் சாய்த்து வைத்தேன். காலையில் பார்த்தால், பைண்டிங் (காலைப் போர்டோடு பிடித்துவைக்கும் பூட்ஸ்) மாட்டுகிற திருகுத் துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டி, தரையில் குளம் கட்டியிருந்தது. உள்ளே இருந்த நுரை முழுக்க ஊறிப்போயிருந்தது. அன்றிலிருந்து பழைய போர்டைப் பார்த்தால் குதிகால் வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவேன், மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். ஒவ்வொரு துளையிலும் திருகை மாட்டி இறுக்கிப் பார்ப்பேன். பிடிக்காமல் சும்மா சுற்றினால் அதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் இருந்தால் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பேன்.

கே: 1980களின் ஸ்கர்ஃபர் பலகை ஒன்று விலைக்கு வருகிறது. கற்றுக்கொள்ள வாங்கலாமா?

ப: சுவரில் மாட்ட வாங்கலாம். வேக்போர்டுக்கு முன்னோடி அது, நன்றாக மிதக்கிற பலகை. ஆழ்நீரில் மிதந்தபடியே கிளம்ப வேண்டுமானால் அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கவே தனித் தெம்பு வேண்டும். 1990இல் ஹெர்ப் ஓ’பிரையன் கொண்டுவந்த ஹைப்பர்லைட் என்ற வேக்போர்டு, மேலே எழும்பத் துடிக்காமலும் மூழ்காமலும் இருந்ததால்தான் ஆழ்நீரில் கிளம்புவது எல்லாருக்கும் கைவந்தது. தீர்ந்துபோன கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

கே: லைஃப் ஜாக்கெட் கேட்டேன். கடைக்காரர் இம்பாக்ட் வெஸ்ட் கொடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்றார். சரியா?

ப: இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இம்பாக்ட் வெஸ்ட் விழும்போது விலாவில் விழுகிற அடியைத் தாங்க. லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்க. இரண்டும் ஒரே கொக்கியில் தொங்கும், ஒரே மாதிரி ஜிப் இருக்கும், வெஸ்ட் மெல்லிசாக இருப்பதால் போட்டால் அழகாகவும் தெரியும். விற்பவருக்கு அது போதும். உள்பக்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 12402-5 என்றும் 50 என்றும் இருந்தால் மிதவைக்குச் சோதிக்கப்பட்டது. 50 என்பது நியூட்டன் கணக்கில் மிதவை விசை. பல வெஸ்ட்டுகளில் ‘இது மிதவைச் சாதனம் அல்ல’ என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்த வரியை ஏன் நெஞ்சில் போடுவதில்லை? மிதவைக்குச் சோதித்ததிலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த 50 ரகம் நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது. மயங்கிவிட்டால் முகத்தை மேலே திருப்பும் என்று நம்பக் கூடாது. போட்டுப் பார்க்கும்போது வேறொருவரை விட்டுத் தோளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. உங்களுக்குக் கொடுத்ததை பில்லோடு எடுத்துப்போய் மாற்றுங்கள், கடைக்காரர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்.

கே: வாட்டர் ஸ்கி கயிறு வீட்டில் இருக்கிறது. அதுவே போதாதா?

ப: நானும் அப்படித்தான் மிச்சம் பிடித்தேன். அந்தக் கயிறு இழுபடும். அலையில் ஏறிக் குதித்த நேரம் பார்த்து, இழுபட்ட கயிறு சுருங்கித் தளர்ந்தது. நான் முகம் குப்புற விழுந்தேன். வேக்போர்டுக்கு இழுபடாத கயிறு வேண்டும், ஸ்பெக்ட்ரா, டைனீமா ரகம். பழகும்வரை 15 மீட்டர், அப்புறம் 20 வாக்கில். கைப்பிடியும் ஸ்கியுடையதைவிட அகலமாக இருப்பது நல்லது.

கே: மகன் வளர்வானே என்று இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்கினேன். விழுந்தபோது ஒரு கால் மட்டும் கழன்றுவிட்டது.

ப: பள்ளிச் சீருடையா வாங்குகிறீர்கள்? ஒரு கால் கழன்று மறுகால் மாட்டியிருந்தால் போர்டு அந்தக் காலை முறுக்கும். முழங்காலும் கணுக்காலும் போவது அப்படித்தான். வளர்கிற பையனுக்கு விரல் பக்கம் திறந்த பூட்ஸ் இருக்கிறது, இரண்டு மூன்று சைஸுக்குப் பொருந்தும். இன்றே மாற்றுங்கள்.

கே: எங்கள் படகில் வெளியே தொங்கும் மோட்டார். வேக்சர்ஃப் போர்டு வாங்கிவிட்டேன், எந்தக் கயிறு சரி?

ப: எந்தக் கயிறும் வேண்டாம், போர்டைத் திருப்பிக் கொடுங்கள். வேக்சர்ஃப் என்பது படகுக்கு மிக நெருக்கமாகப் பின்னால், அதன் அலையில் ஓட்டுவது. அந்தப் படகில் புரொப்பல்லர் சுற்றுவது பின்னால். நீங்கள் விழப்போவதும் அங்கேதான்.