மலிவான நேரத்தில் மின்சாரம் வாங்கிச் சேமித்து, உச்ச நேரத்தில் விற்றால் லாபம் வருமா?

கேள்வியில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்கிறேன். நண்பகலில் ஒரு மெகாவாட் மணி (அதாவது 1,000 யூனிட் மின்சாரம்) 30 டாலர், மாலையில் 110 டாலர். "நடுவில் ஒரு பேட்டரியை வைத்தால் 80 டாலர் லாபம்தானே, பிறகு ஏன் ஆளாளுக்குக் கட்டவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுகிறார்கள். ஆனால் அந்த 80 டாலரை மட்டும் நம்பிக் கட்டினால் கடன் தவணைக்கே தேறாது.

முதலில் இழப்பு. லித்தியம் பேட்டரி நிலையத்துக்குள் 100 மெகாவாட் மணி போனால் சுமார் 85 தான் திரும்பி வரும். நீரை மேலே ஏற்றி வைத்து, பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையத்தில் 70 முதல் 80. ஆக, 30 டாலருக்கு வாங்கியதன் அடக்கவிலை 30 ÷ 0.85 = 35.3 டாலர். ஐந்து டாலர்தானே என்று விட்டுவிட முடியாது. இது சதவீதக் கணக்கு. 100 டாலருக்கு வாங்கினால் 117.6-க்கு விற்றால்தான் முதல் தேறும். எரிபொருள் விலை ஏறி எல்லா மணிநேரங்களும் ஒன்றாக உயர்ந்துவிட்ட சந்தையில், இடைவெளி பழையபடி இருந்தாலும் பேட்டரியின் லாபம் சுருங்குவது இதனால்தான். (விலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் எல்லாம் தலைகீழ். வாங்குவதற்கே காசு தருகிறார்கள் என்பதால், அதிகம் வீணாக்கும் பேட்டரி அதிகம் உறிஞ்சி அதிகம் சம்பாதிக்கும்!) இன்னொன்று: விற்பவர் காட்டும் திறன் சதவீதம் எங்கே அளந்தது என்று கேளுங்கள். பேட்டரி முனையில் 94 இருக்கலாம். உங்களுக்கு பில் வருவது நிலையம் மின்கட்டமைப்போடு இணையும் இடத்து மீட்டரில். இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பும், நிலையம் சும்மா நிற்கும்போதும் ஓடும் குளிரூட்டியும் அதில் சேரும்.

அடுத்து முதலீடு. 100 மெகாவாட், 200 மெகாவாட் மணி நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், அதாவது முழு வேகத்தில் இரண்டு மணிநேரம் ஓடக்கூடியது. எல்லாம் சேர்த்து கிலோவாட் மணிக்கு 300 டாலர் என்றால் 6 கோடி டாலர். 15 ஆண்டு, 8 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை சுமார் 70 லட்சம். பராமரிப்பு, காப்பீடு, இணைப்புக் கட்டணம் என்று 15 லட்சம் வைத்தால் ஆண்டுக்கு 85 லட்சம். தினமும் ஒரு சுழற்சி (ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்குவது), 97 சதவீத நாட்களில் நிலையம் தயார், ஆயுள் முழுக்கச் சராசரியாக 88 சதவீதக் கொள்ளளவு என்று வைத்தால் ஆண்டுக்கு விற்பது சுமார் 62,300 மெகாவாட் மணி. வகுத்துப் பாருங்கள்: விற்கும் ஒவ்வொரு மெகாவாட் மணியிலும் 136 டாலர் மிஞ்ச வேண்டும். உங்கள் எண்களில் மிஞ்சுவது 110 − 35.3 = 74.7. நிலையத்தின் விலை பாதியாகக் குறைந்து கிலோவாட் மணிக்கு 150 டாலர் ஆனாலும் தேவை 80 டாலர். அப்போதும் ஐந்து டாலர் கையைக் கடிக்கிறது.

ஆகவே சேமிப்பின் பிழைப்பு சராசரி நாளில் இல்லை. விலை கூரையைத் தொடும் சில டஜன் மணிநேரங்களிலும், மின்சார விற்பனை அல்லாத மற்ற வருமானங்களிலும் இருக்கிறது.

இங்கே தேய்மானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதிகம் பேர் குழப்பிக்கொள்வது இதில்தான். செல்லை மாற்ற கிலோவாட் மணிக்கு 150 டாலர், ஆயுள் 6,000 சுழற்சி என்றால் ஒரு மெகாவாட் மணிக்கு 25 டாலர் தேய்மானம் என்று போடுவார்கள். கட்டலாமா வேண்டாமா என்ற கணக்கில் இதைச் சேர்த்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணுகிறீர்கள், ஏனென்றால் தவணையில் அது ஏற்கெனவே இருக்கிறது. தினசரி ஓட்டும் கணக்கிலோ ஏதோ ஒரு எண் வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு டாலர் லாபத்துக்காகவும் மென்பொருள் பேட்டரியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த எண் 25-ஆக இருக்க வேண்டியதில்லை. லித்தியம் செல் ஓடாமல் இருந்தாலும் நாள்பட மூப்படையும், அதுவும் முழுச் சார்ஜிலும் வெப்பத்திலும் நின்றால் வேகமாக. எப்படியும் கரையப்போகும் ஆயுளைக் கஞ்சத்தனமாகக் காப்பதில் பயனில்லை.

நடைமுறையில் சரியான எண் வாரண்டியிலிருந்து வரும். ஆண்டுக்கு 365 சுழற்சி வரம்பு என்றால், அதை நாளுக்கு ஒன்று என்று படிக்காதீர்கள். ஆண்டு முழுக்கக் கிடைக்கும் வாய்ப்புகளை லாப வரிசையில் அடுக்கி, 365-ஆவது இடத்தில் நிற்கும் லாபம் எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் வாசல், அதற்குக் குறைந்த லாபத்துக்கு ஓட்ட வேண்டாம். சில நாள் இரண்டு சுழற்சி ஓடும், மிதமான வானிலை நாட்களில் பேட்டரி சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதைப் பார்த்து நிர்வாகம் பதறும், பதற வேண்டாம்.

இதே தர்க்கம் ஒரு நாளுக்குள்ளும் உண்டு. மாலை ஆறு மணிக்கு 80 டாலர் கிடைக்கிறது, எட்டு மணிக்கு 300 வரலாம் என்றால், இப்போது விற்பதன் உண்மையான செலவு வாங்கிய விலை இல்லை, எட்டு மணி விற்பனையை இழப்பது. அணை நீரை இன்று திறப்பதா, நாளைக்கு வைப்பதா என்று நீர்மின் நிலையங்கள் காலங்காலமாகப் போடும் கணக்குதான் இது.

கடந்த ஆண்டு விலைகளை வைத்துச் சோதிப்பதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ஒவ்வொரு நாளின் உச்சத்தையும் அடியையும் எடுத்துக் கழித்துவிடுவது. அடி இரவு பத்து மணிக்கும் உச்சம் காலை ஏழுக்கும் வந்திருந்தால் அன்று அந்த லாபம் கிடையாது, வாங்கிய பிறகுதான் விற்க முடியும். இரண்டு, நாளை விலை முன்கூட்டியே தெரியும் என்ற பாவனை. அப்படி வரும் தொகை உச்சவரம்பு மட்டுமே. பக்கத்தில் ஒரு அடிவரம்பும் போடுங்கள்: நேற்றைய விலை இன்றும் வரும் என்று நம்பி ஓட்டினால் எவ்வளவு கிடைத்திருக்கும்? உருப்படியான திட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மூன்று, சந்தையின் பொது விலையைப் போடுவது. அமெரிக்கச் சந்தைகளில் ஒவ்வொரு இணைப்பு முனைக்கும் தனி விலை உண்டு. கம்பித்தடத்தில் நெரிசல் இருக்கும் முனையில் இடைவெளி இரு மடங்காகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம்.

விதிகள் லாபத்தை எப்படிப் புரட்டும் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். அங்கே 5 நிமிடத்துக்கு ஒருமுறை விலை மாறியது. பணமோ 30 நிமிடச் சராசரியில் கணக்கிடப்பட்டது. ஒரு 5 நிமிடம் 12,000 டாலர், மற்ற ஐந்தும் 60 டாலர் என்றால் சராசரி 2,050. அந்த ஒரு தருணத்தில் பாய்ந்து உதவிய பேட்டரிக்கும் அதே விலை, தாமதமாகக் கிளம்பி மிச்ச நேரம் ஓடிய எரிவாயு இயந்திரத்துக்கும் அதே விலை. 2021 அக்டோபர் 1 முதல் கணக்கும் 5 நிமிடத்துக்கு மாறியது. வேகத்துக்குத் தனி விலை கிடைத்தது.

வேகம் என்றதும் அதிர்வெண் கட்டுப்பாடு, அதாவது மின்கட்டமைப்பின் அதிர்வெண் விலகாமல் இருக்க நொடிக்கு நொடி மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத் தரும் சேவை. பெரிய பேட்டரிகளின் முதல் அலை பிழைத்தது இதில்தான். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் 2017-ல் வந்தபோது 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. அதில் 70 மெகாவாட் மாநில அரசின் கட்டமைப்புப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு. 30 மெகாவாட் மட்டுமே விலை பார்த்து வாங்கி விற்க. முழு வேகத்தில் ஓடினால் ஒன்றேகால் மணியில் தீர்ந்துபோகும் சேமிப்புக்கு இந்தப் பிரிவினை பொருத்தம். சிக்கல் என்னவென்றால் இந்தச் சந்தை மிகச் சிறியது. ஒரு பெரிய மின்கட்டமைப்புக்கே சில நூறு மெகாவாட்தான் தேவைப்படும். முதல் சில நிலையங்கள் அள்ளிக்கொள்ளும், பத்தாவது வரும்போது விலை தரையில் கிடக்கும். விதியும் மாறும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சந்தையான பிஜேஎம், 2012-ல் வேகமான நிலையங்களுக்கென்று, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று சொல்லும் தனி சமிக்ஞை தந்தது. ஏற்றமும் இறக்கமும் சில நிமிடங்களில் சமனாகும்படி அது இருந்ததால், சிறிய பேட்டரியே போதுமானதாக இருந்தது. 2017-ல் அந்தச் சமநிலை உத்தரவாதம் போனது. பேட்டரிகள் நீண்ட நேரம் ஒரே திசையில் ஓட வேண்டிவந்தது. போட்ட கணக்குகள் உடைந்தன.

கொள்ளளவுக் கட்டணம், அதாவது நெருக்கடியில் தயாராக இருப்பதற்கான சம்பளம், அடுத்த வருமானம். இதில் மெகாவாட்டை அப்படியே எண்ண மாட்டார்கள், எத்தனை மணிநேரம் தாங்குவீர்கள் என்று கேட்பார்கள். பிரிட்டனில் 2017-ல் அரைமணி நேர பேட்டரியின் மதிப்பு சுமார் 96 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்தை ஒட்டி வெட்டப்பட்டது. கலிஃபோர்னியாவில் முழு மதிப்பு வேண்டுமென்றால் நான்கு மணிநேரம் தாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அங்கே கட்டப்பட்ட பேட்டரிகள் பெரும்பாலும் நான்கு மணிநேரத்தவையாக இருப்பதற்குக் காரணம் வேதியியல் இல்லை, இந்த விதி. பேட்டரிகள் கூடக்கூட மாலை உச்சம் மழுங்கி அகலமாகும், அடுத்து வருபவர் இன்னும் நீண்ட நேரம் தாங்கினால்தான் அதே மதிப்பு.

கடைசியாக, இந்தத் தொழில் தன்னைத்தானே தின்னும் குணம். ஒவ்வொரு 100 மெகாவாட்டும் நண்பகல் விலையை 1 டாலர் ஏற்றி, மாலை விலையை 2 டாலர் இறக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மெகாவாட் வந்ததும் நண்பகல் 40, மாலை 90, மிச்சம் 74.7-லிருந்து 43 டாலராகிறது. எல்லாம் ஒரே முதலாளியின் கையில் இருந்தால் சுமார் 1,180 மெகாவாட்டுக்கு மேல் ஓட்ட மாட்டார், அதற்கு மேல் மொத்த லாபம் குறையும். பலர் போட்டி போட்டால், முதலீடு முடிந்துபோன நிலையில், சுமார் 2,350 மெகாவாட் வரை ஓடி மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். நுகர்வோருக்குக் கொண்டாட்டம், கடன் கொடுத்தவருக்குத் திண்டாட்டம். லாபத்தை அரிப்பது மற்ற பேட்டரிகள் மட்டுமல்ல. இரவில் நீரை ஏற்றி நண்பகல் உச்சத்தில் விற்று வாழ்ந்த ஐரோப்பிய நீரேற்று நிலையங்களின் அந்த உச்சத்தையே 2010-களில் சூரிய மின்சாரம் தின்றது. அதே சூரியன்தான் பின்னர் நண்பகலை வாங்கும் நேரமாக்கியது.

கோடையில் சேமித்துக் குளிர்காலத்தில் விற்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கிலோவாட் மணிக்கு 150 டாலர் பேட்டரி ஆண்டுக்கு ஒரே முறை ஓடினால், தவணை மட்டும் மெகாவாட் மணிக்கு 17,500 டாலர். நீர்த்தேக்கம், நிலத்தடிக் குகை போல, கொள்ளளவைக் கூட்டுவதற்கு மிகக் குறைவாகவே செலவாகும் வழிகளுக்குத்தான் அந்த வேலை.

இத்தனை ஆட்டத்தையும் தாங்க முடியாதவர்கள், மெகாவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையத்தை ஒரு மின் வணிக நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். விலை அபாயம் அந்த நிறுவனத்துக்கு. நிலையம் தயாராக இருப்பதும் திறன் குறையாமல் இருப்பதும் உரிமையாளர் பொறுப்பு. கையெழுத்துப் போடும் முன் மூன்றை மட்டும் வரிவரியாகப் படியுங்கள்: திறன் எந்த மீட்டரில் அளக்கப்படும், ஆண்டுக்கு எத்தனை சுழற்சி வரை குத்தகைதாரர் ஓட்டலாம், கொள்ளளவு தேய்ந்தால் புதிய செல்களைச் சேர்க்கும் செலவு யார் தலையில்.