குளத்து உயிர்களுக்கான வாசிப்பு சுருதியில் போய் நிற்பது குறித்து

வணக்கம். வேற்றுக்கோள் குளத்து உயிர்களைக் கற்பனை செய்து, செல்லோ, குழல், கிளாரினெட் என மூவரும் முன்தயாரிப்பின்றி வாசிக்கையில் இசை விரைவிலேயே ஏதோவொரு சுருதியில் நிலைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். செல்லோ நீட்டிப் பிடிக்கும் தாழ்ந்த ஸ்வரமே காரணமாக இருக்கலாம். அது அடியில் தொடர்ந்து ஒலித்தால், மேலே எதை வாசித்தாலும் காது அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, செல்லோ வாசிப்பவரிடம் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) மிக அருகே மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். அடிப்படை ஸ்வரம் மங்கி, அதனோடு சேர்ந்து எழும் உயர்ந்த மேற்சுரங்களே கரகரப்புடன் கீச்சிடும்.

ஸ்வரங்களுக்குப் பதிலாக நடத்தைகளைப் பங்கிடுங்கள்: ஒருவர் பிறர் ஒலித்ததும் அடங்கட்டும், மற்றவர் இடைவிடாமல் துடிக்கட்டும். மைக்ரோனெக்டா ஷோல்ட்சி என்னும் 2 மில்லிமீட்டர் நீர்ப்பூச்சி 99.2 டெசிபல் வரை ஒலி எழுப்புவதால், மிகச் சிறிய உயிரையே மிக உரக்க வாசிக்கத் தயங்காதீர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டன் குளங்களின் நீரடி ஒலிகளைக் கொண்டு அமைத்த படைப்பையும் அவசியம் கேளுங்கள்.