படகு மேல கேன்வாஸ் டாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பழவேற்காடு வாசகர்): சார், என்கிட்ட 24 அடி ஃபைபர் போட் இருக்கு, ஏரிக்குள்ள பூநாரை பாக்க வர்றவங்கள ஏத்திட்டு போவேன். வெயிலுக்காக இரும்பு பைப் மேல நீல தார்ப்பாய் கட்டினேன், ஒரே வருஷத்துல பொடிப்பொடியா உதிருது, மழை பெஞ்சா நடுவுல தண்ணி தேங்கி தொங்குது, பைப்புக்கு ஸ்க்ரூ போட்ட எடத்துலயும் ஒழுகுது. ஐப்பசி மழைக்குள்ள நல்ல கேன்வாஸ் டாப் போடணும். என்ன துணி, எப்படி மாட்டணும், ஒழுகாம இருக்க என்ன தடவணும்?

பதில்: தடவுற விஷயத்த கடைசியா வச்சுக்கலாம் சார், ஏன்னா டாப் ஒழுகுதுன்னு சொல்றவங்க கிட்ட போய் பாத்தா பெரும்பாலும் துணி நல்லாத்தான் இருக்கும், தண்ணி தேங்குற பள்ளத்துலயும் ஊசி ஓட்டைலயும் ஸ்க்ரூ ஓட்டைலயும்தான் உள்ள வரும். அத சரி பண்ணாம மேல எத தடவினாலும் காசுதான் போகும்.

முதல்ல அந்த பள்ளம். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. எடத்துல 10 செ.மீ. ஆழத்துக்கு தண்ணி நின்னா அது 36 லிட்டர், அதாவது 36 கிலோ துணி நடுவுல உக்காந்திருக்கு. துணி இன்னும் தொய்யும், இன்னும் தண்ணி சேரும், கடைசில தையல் பிரியும் இல்லன்னா பைப் வளையும். அதனால நடு வளைவு பைப்ப மத்ததவிட ஒசத்தி வைங்க, அங்கருந்து அணியம் (படகு முன்பக்கம்) பக்கமும் அமரம் (பின்பக்கம்) பக்கமும் சரிவு வரட்டும், ஒவ்வொரு வளைவும் தட்டையா இல்லாம நடுவுல மேடு தட்டி இருக்கட்டும், அப்ப தண்ணி ரெண்டு பக்கமும் ஓடிடும். துணிய கையால தட்டினா டம்முன்னு சத்தம் வர்ற அளவுக்கு விறைப்பா நிக்கணும். பெல்ட்டு பட்டி வச்சு, பக்கிள் போட்டு இழுத்து கட்டுங்க, கயிறுன்னா வாராவாரம் தொய்யும்.

பைப் எஸ்.எஸ்.ல, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல, 316ங்கற ரகம் வாங்குங்க. 304 விலை கம்மிதான், ஆனா உப்புத் தண்ணி காத்துல அது புள்ளிப்புள்ளியா துரு பிடிக்கும், 316ல 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம்ங்கற உலோகம் கலந்திருக்கறதால உப்ப நல்லா தாங்கும். அலுமினிய பைப்புன்னா அதுல எஸ்.எஸ். ஸ்க்ரூவ அப்படியே முறுக்காதீங்க, ரெண்டு உலோகம் உப்புத் தண்ணில சேந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளப் பொடியா போயிடும், நடுவுல சீலன்ட்டோ (இடுக்க அடைக்கற பசை) பிளாஸ்டிக் வாஷரோ கண்டிப்பா வேணும்.

துணின்னு பாத்தா நீல தார்ப்பாய் வெயில் தாங்காதுன்னு நீங்களே பாத்துட்டீங்க. நூலுக்குள்ளயே சாயம் ஏத்தி நெய்யுற அக்ரிலிக் கேன்வாஸ் வெயிலுக்கு ரொம்ப நல்லது, காத்து போகும், பூஞ்சை கம்மி, ஆனா விலை ஜாஸ்தி. லாரிக்கு போடுற மாதிரி பி.வி.சி. பூசின பாலியஸ்டர் துணி தண்ணிய சுத்தமா விடாது, விலையும் தாங்கும், ஆனா கனம், கீழ புழுக்கமா இருக்கும். மழைதான் உங்க கவலைன்னா பி.வி.சி. போதும், வருஷம் பூரா வெயில்ல ஆள் ஏத்துறீங்கன்னா நான் அக்ரிலிக்தான் சொல்வேன்.

தைக்கறவர் கிட்ட நூல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. சாதா நைலான் நூல் போட்டா துணி புதுசா இருக்கும்போதே தையல் நைஞ்சு விட்டுடும், வெயில் தாங்குற பாலியஸ்டர் நூல் கேட்டு வாங்குங்க. ரெண்டு துணி சேர்ற எடத்துல ஓரத்த ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு ஜோடித் தையல் போடச் சொல்லுங்க, அந்த மடிப்போட வாய் சரிவுக்கு கீழ்ப்பக்கம் பாத்து இருக்கணும், ஓட்டு வீட்டுல மேல் ஓடு கீழ் ஓட்டு மேல படுத்திருக்கும்ல அந்த முறைதான். இது தலகீழா போச்சுன்னா ஓடுற தண்ணிய மடிப்பே பிடிச்சு தையலுக்குள்ள அனுப்பிடும். தையல நெருக்கி போட வேணாம், ஒரு அங்குலத்துக்கு 5, 6 தையல் போதும், அதுக்கு மேல போனா ஊசி ஓட்டை வரிசையா நின்னு துணி அங்கயே கிழியும். பைப் மேல உரசுற எடம் ஒவ்வொண்ணுலயும் உள்பக்கமா இன்னொரு துண்டு வச்சு தைக்கணும், டாப் முதல்ல கிழியறது அங்கதான்.

இப்ப போட்ல ஓட்டை போடுற வேலை. டிரில் பிட்ட நேரா விட்டா ஃபைபர் மேல இருக்குற ஜெல்கோட் சில்லு சில்லா தெறிக்கும், அதனால மாஸ்க்கிங் டேப் ஒட்டி, முதல் நொடி டிரில்ல ரிவர்ஸ்ல ஓடவிட்டு பளபளப்பு மேல்தோல் போனதும் நேரா மாத்துங்க. ஓட்டையோட வாய கொஞ்சம் சாய்வா அகலப்படுத்துங்க, விரிசல் விடாது, அந்த குழிக்குள்ள சீலன்ட் வளையமா நின்னு தண்ணிய மறிக்கும். பைப் காலுக்கு வெறும் ஸ்க்ரூ பத்தாது, போல்ட் போட்டு அடியில தகடு வச்சு நைலாக் நட்டால (உள்ள நைலான் வளையம் வச்ச, தானா கழலாத நட்டு) இறுக்கணும், காத்து இழுக்குற இழுவை எல்லாம் அங்கதான் வரும். சீலன்ட்டு பாலியூரித்தேன் வகை வாங்குங்க. வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் வேணாம், அது உலோகத்த அரிக்கும், அது பட்ட எடத்துல பின்னாடி பெயிண்ட்டும் ஒட்டாது எபாக்ஸி பசையும் ஒட்டாது.

பிரஸ் பட்டன் போடுறதா இருந்தா எல்லாத்தையும் முன்னாடியே குறிச்சு வைக்காதீங்க. துணிய விறைப்பா இழுத்து நடுவுல ஒண்ணு, அப்புறம் எதிர்ப்பக்கம் ஒண்ணு, இப்படி மாத்தி மாத்தி ஓரத்துக்கு போங்க, 15லருந்து 20 செ.மீ.க்கு ஒண்ணு இருந்தா போதும்.

கடைசியா தடவறது. பி.வி.சி.க்கு ஒண்ணும் வேணாம், தையல் மேல மட்டும் சீம் சீலர் (ஊசி ஓட்டைய அடைக்கற பூச்சு) ஒரு கை பூசுங்க. அக்ரிலிக்ல தண்ணி முத்து முத்தா உருளாம துணி நனைய ஆரம்பிச்சா நல்லா கழுவி, நல்லா காயவிட்டு, துணிக்குன்னு விக்கிற நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம்.

இன்னொண்ணு, இது ஆள் உயிரு சம்பந்தப்பட்டது. காத்து வேகம் ரெண்டு மடங்கானா டாப் மேல விழுற அழுத்தம் நாலு மடங்காகும், டாப் போட்ட படகு காத்துல சாயறதும் அதிகம். வாடைக் காத்து ஏறினா கூச்சப்படாம மடக்கி கட்டிடுங்க. பக்கத்துல திரை விட்டா உள்ளருந்து ஒரே இழுப்புல திறக்கணும், படகு கவுந்தா உள்ள இருக்கறவங்க வெளிய வர வழி வேணும். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்.

கேள்வி (பாம்பன் வாசகர்): எங்க தாத்தா காலத்து காட்டன் கேன்வாஸ் இன்னும் நல்லா இருக்கு, மெழுகும் டர்பன்டைனும் காய்ச்சி பூசலாமா? சிலர் ஆளிவிதை எண்ணெய் சொல்றாங்க.

பதில்: மெழுகு குளிர் நாட்டுக்கு சரி தம்பி, நம்ம ஊரு உச்சி வெயில்ல டாப் மேல கிடக்குற மெழுகு இளகி சட்டைல ஒட்டும். டர்பன்டைன அடுப்பு பக்கம் கொண்டுபோறதே ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் பூசினா, எண்ணெய் தொட்டு துடைச்ச கந்தல் துணிய குவிச்சு போட்டுடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு விரிச்சு காயப்போடணும். காட்டனுக்கு நான் சொல்றது பழைய முறைதான்: சோப்புத் தண்ணில முக்கி பிழிஞ்சு, அப்புறம் படிகாரத் தண்ணில முக்கி காயவைங்க, ரெண்டும் சேந்து நூல் இடுக்குல தண்ணில கரையாத ஒரு பொருளா படியும். அதோட காட்டன் நனைஞ்சா சுருங்கும், மழை வந்ததும் கயிற கொஞ்சம் தளத்தலன்னா ஐலெட் கண்ணோட (கயிறு கோக்குற உலோக வளையம்) பிச்சுக்கும்.

கேள்வி (முட்டுக்காடு வாசகி): டாப் முழுக்க கறுப்பு புள்ளி, வாஷிங் பவுடர் போட்டு தேய்ச்சேன், இப்ப தண்ணியும் உள்ள இறங்குது.

பதில்: துணியில தங்கிப்போன பவுடர்தான் தண்ணிய இழுக்குதும்மா. நல்ல தண்ணி விட்டு நுரை சுத்தமா போற வரைக்கும் அலசுங்க. அடுத்த தடவை வெதுவெதுப்பான தண்ணி, லேசான சோப்பு, மெத்துன்னு ஒரு பிரஷ் போதும், வாரத்துக்கு ஒரு தடவை உப்பு போக நல்ல தண்ணி ஊத்துங்க. ஈரத்தோட மட்டும் மடிச்சு வைக்காதீங்க, கறுப்பு புள்ளிப் பூஞ்சை அதுலதான் வரும், ஒரு ராத்திரி மடிச்சு கட்ட வேண்டி வந்தாலும் மறுநாள் காலைல பிரிச்சு வெயில்ல போட்டுடுங்க.