ஸ்பீக்கர் கேபிளை மாற்றினால் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

சில சமயம் தெரியும். ஆனால் அதற்குக் காரணம், நாம் காசு கொடுத்து வாங்கிய சமாசாரமாகப் பெரும்பாலும் இருக்காது. நான் அசடு வழிந்த கதையைச் சொன்னால் புரியும்.

பல வருடங்களாக என் ஸ்பீக்கர்களுக்குச் சாதாரண இரட்டை ஒயர்தான். 1.5 சதுர மில்லிமீட்டர், பக்கத்துக்கு மூன்று மீட்டர். ஒரு நாள் ஆசை முற்றிப்போய், விரல் தடிமனில், பின்னிய உறை போட்ட கேபிள் ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டிப் பாட்டைப் போட்டதும் அசந்துபோனேன். அதுவரை அறை முழுக்கச் சிதறிக் கிடந்த குரல், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. பேஸ் எங்கிருந்தோ முளைத்தது. ஒரு வாரம், கண்ணில் பட்டவர்களையெல்லாம் இழுத்துவந்து கேட்கவைத்தேன். கேபிளெல்லாம் ஏமாற்று என்று அதற்கு முன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவனும் நான்தான்.

பழைய ஒயரைச் சுருட்டி வைக்கப்போனபோது குட்டு உடைந்தது. இரட்டை ஒயரில் பிளஸ், மைனஸ் அடையாளத்துக்காக ஒரு கம்பியின் மேல் மட்டும் மெல்லிய கோடு ஓடும். சிவப்பு டெர்மினலுக்குப் போகும் நுனிகளில் நான் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தேன். இடது பக்க ஒயரில் அந்த டேப், ஒரு முனையில் கோடு போட்ட கம்பியிலும் மறுமுனையில் கோடில்லாத கம்பியிலும் இருந்தது! அதாவது இடது ஸ்பீக்கர் இத்தனை வருடமும் தலைகீழாக ஓடியிருக்கிறது. ஒரு பக்கத்து வூஃபர் (தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பெரிய கூம்பு) முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும். தாழ்ந்த சுரங்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரலுக்கு நிற்க இடம் இருக்காது. டேப்பைச் சரிசெய்து பழைய ஒயரையே மாட்டினேன். அதே குரல், அதே நடு, அதே பேஸ்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. புதுசில் ஏதோ ஒரு மினுமினுப்பு இருப்பதாகவே பட்டது. தம்பியை உட்காரவைத்து, நான் கதவுக்கு வெளியே போய் நிற்க, அவன் மாற்றியோ மாற்றாமலோ கூப்பிடுவதாக ஏற்பாடு. பன்னிரண்டு தடவை. ஏழு சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலே ஆறு சரியாக வரும். இன்னொன்று, "இது கண்டிப்பாகப் புதுசு, ட்ரெபிளைப் பார்" என்று நான் அடித்துச் சொன்ன இரண்டு தடவையும் ஓடியது பழைய ஒயர். இந்தச் சோதனையில் ஓட்டை உண்டு. ஒயர் மாற்ற ஒரு நிமிடமாவது ஆகும், நுணுக்கமான ஒலி வேறுபாட்டைக் காது சில நொடிகளுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ளாது. சரி, ஆனால் புதுக் கேபிள் வாங்கி மாட்டிவிட்டு "ஆகா" என்பவர்களும் அதே ஒரு நிமிட இடைவெளியில்தானே ஒப்பிடுகிறார்கள்?

எப்போது நிஜமாகவே கேட்கும் என்பதற்கு வருகிறேன். கணக்கு எளிது. ஒயரின் மின்தடை எவ்வளவு, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (பாட்டின் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, இதையும் ஓமில்தான் அளப்பார்கள்) எவ்வளவு, அவ்வளவுதான். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுரத்திலும் 8 ஓம் கிடையாது. ஓரிடத்தில் 4 ஓம் பக்கம் இறங்கும், இன்னோரிடத்தில் 30-ஐத் தொடும். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, பொம்மைக்குப் போடுவது மாதிரி 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவும் வரவும் 10 மீட்டர் செம்பு, கிட்டத்தட்ட 0.86 ஓம். 4 ஓம் இருக்கும் இடத்தில் சத்தத்தில் 1.7 டெசிபெல் போய்விடும். 30 ஓம் இருக்கும் இடத்தில் கால் டெசிபெல்தான் போகும். ஆக, ஸ்பீக்கரின் குரலே கோணுகிறது. இது காதுக்கு எட்டும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒயர் 0.07 ஓம், கோணல் 0.15 டெசிபெலைக்கூட எட்டாது. அதற்கு மேல் தடிமன் கூட்டுவது உங்கள் சௌகரியம். ஒயரின் மின்தடை ஸ்பீக்கரின் ஓமில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்; என் அனுபவத்தில் அது போதும்.

1983-ல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை ஒரு குழுவை வைத்து இதையே சோதித்தது. 24 கேஜ் ஒயரை, அதாவது மேலே சொன்ன அதே 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயரை, தடித்த கேபிளிலிருந்து பிங்க் நாய்ஸ் எனும் இரைச்சலை ஓடவிட்டபோது பிரித்துச் சொல்ல முடிந்தது. கோரஸ் பாடலுக்கு வந்ததும் ஊகமாகிவிட்டது.

மற்ற விற்பனை வார்த்தைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெள்ளி, செம்பைவிட ஆறு சதவீதம் போல நன்றாகக் கடத்தும். செம்பையே கொஞ்சம் தடிமனாக வாங்கினால் அந்த வேலை முடிந்தது. ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் மின்தடையில் வித்தியாசம் ஒரு சதவீதம் இருந்தால் அதிகம். உறையில் திசை காட்டும் அம்புக்குறி எதற்கென்று எனக்கு விளங்கவே இல்லை. பாட்டின் மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓடுவது. கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த மலிவு ஒயர். வெட்டிய நுனி வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் (வெள்ளீயம் பூசிய செம்பும் வெள்ளையாகத் தெரியும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவக்கும்). அதில் சதுர மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் எடுத்தால்தான் செம்புக்குச் சமம். அப்புறம், நெருக்கமாகப் பின்னிய சில விலை உயர்ந்த கேபிள்களில் கெப்பாசிட்டன்ஸ் (இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்னூட்டம் தேங்கும் தன்மை) அதிகம். அது சில ஆம்ப்ளிஃபையர்களை (சுருக்கமாக ஆம்ப்) நிலைகுலைய வைக்கும். வித்தியாசம் கேட்கும்தான், அது நல்ல வித்தியாசம் அல்ல.

ஆகவே புதுசு வாங்கும் முன் பழையதைக் கழற்றி, கறுத்த நுனியை வெட்டி, புதிதாக உரித்து, ஒரு இழைகூட வெளியே நீளாமல் முறுக்கி மாட்டிப் பாருங்கள். கேபிள் மாற்றியவர்கள் சொல்லும் பல அதிசயங்கள் இந்தக் கழற்றி மாட்டலிலேயே நடந்துவிடும் என்பது என் சந்தேகம்.

பிளஸ் மைனஸ் சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஒயரை ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு (இதை மறந்துவிடாதீர்கள்), சிவப்புக்குப் போகும் நுனியைப் பேட்டரியின் பிளஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் சின்னதாக 'டக்' என்று முன்னே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் குதிக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். என் இடது ஸ்பீக்கருக்கு இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த விரல் தடிமன் கேபிள் கடையிலேயே இருந்திருக்கும்.