கேமராவுக்குள் ஆவி படிந்தால் என்ன செய்வது? வண்டி கேமரா, சென்சார் பற்றிய கேள்வி பதில்

வண்டிகளில் இருக்கும் கேமரா, சென்சார்களுக்குள் ஈரம் படிவதைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பல வருடங்களாக இவற்றைக் கழற்றிக் காயவைத்துத் திரும்பப் பூட்டுகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ரிவர்ஸ் கேமராவில் காலையில் மட்டும் படம் வெளுத்துத் தெரிகிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. உள்ளே தண்ணீர் போய்விட்டதா?

தண்ணீராகப் போகவில்லை, ஆவியாகப் போயிருக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். தாங்க முடியாத மிச்சம், கேமராவின் கூட்டுக்குள் எது அதிகமாகக் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் போய்ப் படியும். கேமராவில் அது பெரும்பாலும் முன்கண்ணாடிதான். இரவில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதுதானே.

எவ்வளவு ஈரம் இருந்தால் படம் கெடும் என்று கேட்டால், நம்ப மாட்டீர்கள். கேமராவுக்குள் 20 கன செ.மீ. காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் அது ஈரத்தால் நிறைந்திருந்தாலும் அதிலுள்ள நீர் 0.6 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு சதுர செ.மீ. கண்ணாடியில் ஒரு மைக்ரான் தடிமனுக்கு நீர் படிய 0.1 மில்லிகிராம் போதும். அதனால் மெல்லிய மூட்டம் வந்து ஒரு மணி நேரத்தில் தானாகக் கலைந்தால் பதற வேண்டாம். கவனித்துக்கொண்டு இருங்கள், போதும்.

கேள்வி: அண்ணா, எனக்கு மூட்டம் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் சொட்டாகவே நிற்கிறது. கழற்றிக் காயவைத்தேன், பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது.

தம்பி, மேலே உள்ள கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு நீர் சுமார் 50 மில்லிகிராம். கூட்டுக்குள் இருக்கும் காற்று முழுவதையும் பிழிந்தாலும் அதில் எண்பதில் ஒரு பங்குகூட வராது. ஆகவே உங்கள் கேமராவுக்குள் தண்ணீர் தண்ணீராகவே நுழைகிறது. லென்ஸ் பக்கத்து ரப்பர் வளையத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் ஒயரைப் பார்ப்பேன்.

ஒருமுறை ஒரு லாரியின் பின்பக்கக் கேமரா மூன்றாவது தடவையாக என்னிடம் வந்தது. ரப்பர் புதிது, திருகெல்லாம் இறுக்கம், கூட்டில் கீறல்கூட இல்லை. கடைசியில் ஒயரைக் கேமராவிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டினேன். உறைக்குள் செம்புக் கம்பிகள் பச்சை பூத்துக் கிடந்தன. இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டினேன், அங்கேயும் பச்சை. மறுமுனையில் இருந்த கனெக்டர் சேஸிஸ் சட்டத்தின் அடியில் சேற்றுத் தண்ணீரில் நனைந்தபடி இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, முறுக்கிய கம்பிகளின் இடைவெளி தண்ணீரை இழுத்துக்கொண்டே போய்க் கேமராவுக்குள் விட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தடயமும் தெரியாது.

ஒயரை மாற்றுங்கள். கனெக்டரை உயரமான, நனையாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். கேமராவுக்குள் நுழைவதற்கு முன் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வெளிப்பக்கம் வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: சுற்றிலும் சிலிகான் பசை பூசி இறுக்கமாக அடைத்துவிட்டால் பிரச்சினை தீராதா? பெட்டியில் ஐபி67 என்றுதான் போட்டிருக்கிறது, பிறகு எப்படி ஈரம் போகிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. பசையைப் பூசிக் கெடுத்த கேமராக்களைத்தான் நானும் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். ஐபி69கே என்றால் 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் பக்கத்தில் நின்று பீய்ச்சினாலும் தாங்கும். இரண்டுமே தண்ணீருக்கான சோதனைகள். நீராவியைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஆவியை மெதுவாக உள்ளே விடும். அதிலும் சிலிகான் ரப்பர் தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆவியைத் தாராளமாக விடும். இபிடிஎம் ரப்பர் அதைவிட எவ்வளவோ மேல், பியூட்டைல் இன்னும் மேல்.

இரண்டாவது விஷயம் அழுத்தம். வெயிலில் நின்ற கேமரா 60 டிகிரியில் இருக்கிறது. திடீரென்று மழை பிடித்து 25 டிகிரிக்கு இறங்குகிறது. முழுக்க அடைத்த கூடாக இருந்தால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது வண்டி தெருவில் நிற்கும்போதே அந்த ஐபி67 சோதனை நடக்கிறது, ஒவ்வொரு மழைக்கும். ரப்பரில் முடி அளவு வழி இருந்தாலும் வெளியே நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய தண்ணீர் திரும்ப வெளியே வருவதற்கு நீங்கள் பூசிய பசை விடாது.

பசையே தேவைப்படுகிற இடத்தில் காடி வாசனை அடிக்கும் வகையைத் தொடாதீர்கள். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அந்த அமில ஆவி உள்ளே போனால் செம்பையும் சால்டரையும் அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

கேள்வி: என் சென்சார் கூட்டின் பின்பக்கம் வட்டமாக வெள்ளை ஸ்டிக்கர் போல ஒன்று இருக்கிறது. நடுவில் துளை. அடைத்துவிடலாமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள்! இப்போது சொன்ன உறிஞ்சல் நடக்காமல் பார்த்துக்கொள்வதே அதுதான். இழுத்து விரித்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) சவ்வு அது. 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்தது, மழைக்கோட்டுத் துணியாகப் புகழ்பெற்ற கோர்-டெக்ஸும் அதே சரக்குதான். அதன் நுண்துளைகளில் காற்றும் ஆவியும் போய்வரும், தண்ணீர் போகாது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் உடனுக்குடன் சமமாவதால் ரப்பர் வளையத்துக்கு வேலை குறைகிறது.

அதன்மேல் பெயின்ட், கிரீஸ், மெழுகு எதுவும் படக் கூடாது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்யக் கூடாது. சேறு அப்பியிருந்தால் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவினால் போதும்.

கேள்வி: சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை உள்ளே போட்டால்?

கூடு நன்றாக அடைபட்டிருந்தால், வென்ட் (மேலே சொன்ன சவ்வுத் துளை) இல்லாமல் இருந்தால், பலன் உண்டு. ஈரமான காற்றில் சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். அரை கிராம் பாக்கெட் என்றால் சுமார் 160 மில்லிகிராம். உள்ளிருக்கும் காற்றின் ஈரத்துக்கு அது தாராளம். ஆனால் தண்ணீர் கசிகிற கூட்டில் மூன்று சொட்டுக்கு அதன் கதை முடிந்தது. வென்ட் உள்ள கூட்டில் வெளிக்காற்றின் ஈரத்தையே குடித்து நிரம்பிவிடும்.

இன்னொன்று, சூடானால் சிலிக்கா ஜெல் பிடித்த ஈரத்தைத் திரும்ப விட்டுவிடும். கருப்புக் கூடு வெயிலில் காயும்போது ஈரம் ஜெல்லிலிருந்து காற்றுக்கு வருகிறது. மாலையில் ஜெல்லைவிடக் கண்ணாடி முந்திக் குளிர்கிறது. ஈரம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்திலும் விடாமல் பிடித்து வைக்க மாலிக்யூலர் சீவ் என்ற வேறு வகை ஈரம் உறிஞ்சி நல்லது, விலைதான் கூட. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வெறுங்கையால் அளையாதீர்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால்?

நிரப்பும் நாளில் உள்ளே ஈரம் இருக்காது. உலோகக் கூடு, கண்ணாடி எல்லாம் ஒட்டிப்பிடித்த உயர்தரக் கேமராவில் அது நிலைக்கும். பிளாஸ்டிக் கூட்டில் ஆவி மெல்ல மெல்லத் திரும்ப வந்துவிடும். வீண் செலவு.

கேள்வி: அரிசியில் புதைத்து வைக்கலாமா, ஹேர் டிரையர் போடலாமா?

அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, மாவுதான் உள்ளே போகும். ஹேர் டிரையரை லென்ஸுக்கு நேராகக் காட்டினால் லென்ஸைப் பிடித்திருக்கும் பசை இளகி ஃபோகஸ் நகர்ந்துவிடலாம்.

முடிந்தால் பின்மூடியைத் திறந்து, 50 டிகிரி தாண்டாத இளஞ்சூட்டில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். ஈரம் பிளாஸ்டிக்குக்குள்ளேயும் இருக்கிறது. நைலான் 66 சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் இரண்டரை சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும், ஊறிவிட்டால் எட்டு சதவீதத்தைத் தாண்டும். பத்து கிராம் நைலான் கூட்டில் சாதாரணமாகவே 250 மில்லிகிராம்! கண்ணாடியை மட்டும் காயவைத்து மூடினால் கூடே மறுபடி ஈரத்தைக் கக்கும். மூடும்போது ஏசி அறையின் உலர்ந்த காற்றில் மூடுங்கள், மழைநாளில் திண்ணையில் உட்கார்ந்து மூடாதீர்கள்.

கேள்வி: வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சாலைக் கோடுகளைக் கவனிக்கும் லேன் கேமரா, மழை நாட்களில் 'கேமரா மறைக்கப்பட்டுள்ளது' என்று எச்சரிக்கிறது. கழற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். அதைக் கழற்றினால் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டியிருக்கும். அதன் பார்வை ஒரு டிகிரி திரும்பினால்கூட, ஐம்பது மீட்டர் தள்ளி உள்ள கோடு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்து தெரியும். பெரும்பாலும் மூட்டம் கேமராவுக்குள் இல்லை, அதன் எதிரே உள்ள முன்கண்ணாடியின் உள்பக்கம்தான் இருக்கிறது. ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வைத்து, ஈரக் குடையும் செருப்புமாக நாலு பேர் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், ஏசி ஓடட்டும், காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். மழை சென்சார் மழையே இல்லாமல் வைப்பரை ஓட்டினாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். அது கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளி எதிரொளிப்பதை வைத்து வேலை செய்வது, உள்பக்கப் பனியும் அதைக் குழப்பும்.

மூட்டம் கண்ணாடியின் வெளிப்பக்கம் என்றால் ஏசி அதிகமாகக் குளிர்விக்கிறது என்று அர்த்தம். காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள். எந்தப் பக்கம் என்பதை விரலால் தேய்த்தாலே தெரியும்.

கேள்வி: பார்க்கிங் சென்சாருக்கும் ரேடாருக்கும் இந்தத் தொல்லை உண்டா?

பார்க்கிங் சென்சாரின் உள்ளே பிசின் ஊற்றி நிரப்பியிருப்பார்கள், காற்றே இல்லை. கனெக்டரை மட்டும் பாருங்கள். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு வெறும் ஆவி பொருட்டில்லை. நீர்ப்படலமாகத் திரண்டால்தான் அலையை விழுங்கும். அது பெரும்பாலும் வெளிமூடியில், துடைத்தால் போய்விடும்.

கேள்வி: தானாகத்தான் கலைகிறதே, அப்படியே விட்டுவிட்டால் என்ன, சார்?

எப்போதாவது வந்தால் விடலாம். தினமும் வந்தால் கூடாது. ஆவி படிந்து காயும்போதெல்லாம் பசையிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் கசிந்த பொருட்களை லென்ஸில் கறையாக விட்டுப்போகும், அது பிறகு துடைக்க எட்டாது. சர்க்யூட் போர்டில் மின்சாரம் ஓடும்போது ஈரம் படிந்தால், பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு நடுவே உலோகம் வேர்விட்டது போல வளர்ந்து ஷார்ட் ஆகும். காயவைத்தாலும் அந்த வேர் போகாது.

கேள்வி: பேருந்துக்கு நானே கூடு செய்து கேமரா பொருத்துகிறேன். ஆரம்பத்திலேயே என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி, வந்தபின் பார்ப்பதைவிட இது சுலபம். வென்ட் கட்டாயம் வையுங்கள், கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ, பிரஷர் வாஷ் நேராகப் படாத இடத்தில். போர்டின் சூடு கண்ணாடிக்குப் போகும்படி அலுமினியத் தகடு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தோடு இணையுங்கள். காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் அது சுமார் 24 டிகிரி. கண்ணாடி அதைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் எதுவும் படியாது. சிறிய கேமராவுக்கு ஒரு வாட் அளவிலான ஹீட்டரே பல சமயம் போதும்.

பொருத்தும் முன் ஒரு சோதனை. கேமரா சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும்போது, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஐஸ் கட்டியை முன்கண்ணாடியில் ஒரு நிமிடம் வையுங்கள். சூடான கண்ணாடியில் வைக்காதீர்கள், விரிசல் விடும். எடுத்ததும் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தால் திறந்து, இன்னும் ஓர் இரவு காயவையுங்கள்.