கிளியர் கோட் தேய்ந்துபோன காருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறேன். 1968-ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ கார் ஒன்றைப் பல வருடங்களாகச் சீரமைத்து வருகிறேன். பெயின்ட் அடித்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டுத் தர ஒரு பட்டறை 9,800 டாலருக்கு எழுத்தில் மதிப்பீடு தந்தது. முழுத் தொகையையும் கொடுத்து, மாலையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, ‘திருப்தி’ என்று கையெழுத்திட்டு வண்டியை எடுத்து வந்தேன். மறுநாள் வெயிலில் பார்த்தால் இடது ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டின்) மேல் விளிம்பும் பானட்டின் முனையும் விரல் அகலத்துக்கு மினுமினுப்பின்றி வெளிறிக் கிடக்கின்றன. பழைய காருக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் பட்டறைக்காரர். கூடுதலாகத் தேய்த்த நேரத்துக்கு 1,600 டாலர் கேட்டு பில்லும் அனுப்பியிருக்கிறார். வேறொரு பட்டறை சரிசெய்ய 3,400 டாலர் கேட்கிறது. நண்பர் ஒருவர் தன்னுடைய பாலிஷ் மெஷினாலேயே சரிசெய்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நண்பரைத் தடுத்துவிடுங்கள். நீங்கள் விவரிக்கும் குறை, நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் முற்றிலும் தேய்ந்து அடியிலுள்ள நிறப்பூச்சு வெளியே தெரிவதாகவே எனக்குப் படுகிறது. அப்படியானால் பாலிஷ் அதைத் திரும்பக் கொண்டுவராது, மிச்சமிருப்பதையும் எடுத்துவிடும். அதைவிட முக்கியமாக, உங்கள் தரப்பில் ஒருவர் மெஷினை வைத்த அடுத்த நிமிடமே, குறையை உண்டாக்கியவர் அவர்தான் என்று பட்டறை வாதிடும், அந்த வாதத்தை முறியடிப்பது கடினம்.

1,600 டாலர் விஷயத்தில் உங்கள் நிலை வலுவானது. கலிஃபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டத்தின்படி, அதாவது வணிக, தொழில் விதித்தொகுப்பின் 9884.9 பிரிவின்படி, மதிப்பீட்டுத் தொகை போதாது என்று தெரிய வந்த பிறகு, கூடுதல் வேலையைத் தொடங்கும் முன்பே வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். தொலைபேசியில் வாய்மொழியாகச் சம்மதம் தரலாம். ஆனால் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த எண்ணில், யார், எவ்வளவு தொகைக்குச் சம்மதித்தார் என்பதைப் பட்டறை குறித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பின் நகலை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சம்மதிக்கவே இல்லை என்றால் இந்த பில்லுக்கு ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. பட்டறை மாநிலப் பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள். பதிவில்லாதவர் பழுதுபார்ப்புக் கூலிக்காக வழக்குத் தொடர முடியாது என்று 9884.16 பிரிவு சொல்கிறது.

பெயின்ட்டின் தரத்தைப் பற்றிய கேள்விதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அடித்து முடித்த கிளியர் கோட்டில் ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்மேடுகள் இருக்கும். அவற்றை 1,500, 2,000, 3,000 என்று படிப்படியாக நைசான வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுச் சமன்செய்து, பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையால் மினுமினுப்பை மீட்பதே இந்த வேலை. சாதாரணமாக ஏறத்தாழ 50 மைக்ரான் கனமே உள்ள அந்தப் பூச்சு விளிம்புகளில் இன்னும் மெல்லியதாகவே படியும் என்பதால், நல்ல தொழிலாளி விளிம்பின்மேல் டேப் ஒட்டிவிட்டுச் சமதளத்தை மட்டும் தேய்த்து, டேப்பை எடுத்த பின் கடைசியாக விளிம்பைக் கையால் மெதுவாக முடிப்பார். உங்கள் காரில் கெட்டுப்போன இரண்டு இடங்களும் விளிம்புகளே என்பது உங்கள் வழக்கின் மிக வலுவான அம்சம்.

பட்டறை ஒரு வாதத்தைக் கொண்டுவரக்கூடும். அந்தக் காலத்தில் பான்டியாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்கு அக்ரிலிக் லாக்கர் என்ற வகைப் பெயின்ட்தான் அடித்தது, கிளியர் கோட் கிடையாது, தொழிற்சாலையிலிருந்து வந்த காரே கண்ணாடிபோல் இருந்ததில்லை என்பார்கள். மதிப்பீட்டில் ‘தொழிற்சாலைத் தரம்’ என்று எழுதியிருந்தால் லேசான ஆரஞ்சுத் தோலைப் பற்றி நீங்கள் புகார் சொல்ல முடியாது; ‘ஷோ தரம்’ (கார் கண்காட்சியில் வைக்கும் தரம்) என்று இருந்தால் சொல்லலாம். ஆனால் பூச்சே இல்லாமல் போன விளிம்பு இந்த இரண்டு தரத்திலும் சேராது. எழுத்தில் உத்தரவாதம் இல்லாவிட்டாலும், செய்ய ஒப்புக்கொண்ட வேலையைத் தகுந்த திறமையோடும் கவனத்தோடும் செய்யும் கடமை கலிஃபோர்னிய ஒப்பந்தச் சட்டத்தில் உள்ளடங்கியது.

‘திருப்தி’ என்ற கையெழுத்துக்காக அஞ்ச வேண்டாம். அந்தக் காகிதத்தின் வாசகம் முழுவதையும் படியுங்கள். எல்லா உரிமைகோரல்களையும் விட்டுக்கொடுப்பதாக அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். வெறும் ஒப்புகை என்றால், பட்டறை விளக்கில் கண்ணுக்குத் தெரியாத குறையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அது ஆகாது.

இப்போது ஆதாரம் சேருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது விளிம்புகளைப் படம் எடுங்கள். இரண்டாவது பட்டறையிடம், பூச்சுக் கனம் அளக்கும் கருவியால் ஃபெண்டரின் நடுவிலும் விளிம்பிலும் அளந்து, குறைக்கான காரணத்தைக் கையெழுத்திட்ட கடிதமாகத் தரச் சொல்லுங்கள். சீரமைத்த காரில் பெயின்ட்டுக்கு அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி இருந்தால் அளவு தாறுமாறாக ஏறும், ஆகவே ஒரே ஓர் எண்ணை நம்பாமல் பல இடங்களில் அளக்க வேண்டும். உங்கள் ஜிடிஓவின் முன் பம்பரில், அது எண்ட்யூரா எனப்படும் ரப்பர் போன்ற பொருளால் ஆனது என்றால், எடுக்கும் அளவை ஃபெண்டரோடு ஒப்பிடவே கூடாது.

அதன்பின் பட்டறைக்குக் கடிதம் எழுதுங்கள்: 14 நாட்களுக்குள் அந்த இரு பாகங்களையும் மறுபடி பூசித் தர வேண்டும், அல்லது 3,400 டாலர் தர வேண்டும். சரிசெய்ய வாய்ப்புத் தந்தீர்களா என்று நீதிபதி கேட்கக்கூடும். பதில் வராவிட்டால் வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தில் புகார் செய்யலாம். பணம் திருப்பித் தர உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனாலும் இரு தரப்போடும் பேசிச் சமரசத்துக்கு முயலும், தேவையானால் பட்டறையின் பதிவின்மீது நடவடிக்கையும் எடுக்கும்.

பணத்துக்கு வழி சிறு உரிமைகோரல் நீதிமன்றம். தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம் என்பதால் உங்கள் கோரிக்கை தாராளமாக அடங்கும். வழக்கறிஞர் உங்களுக்காக அங்கே வாதாட முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். வழக்குத் தொடுத்தவர் தோற்றால் மேல்முறையீடும் இல்லை என்பதால், அளவுக் கடிதமும் படங்களும் கையில் இல்லாமல் மனுவைத் தாக்கல் செய்யாதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு நான்கு வருடம், ஆகவே அவசரமில்லை. ஆனால் விசாரணை முடியும் வரை அந்த இரண்டு விளிம்புகளையும் யாரும் தொட வேண்டாம், வண்டியைக் கழுவும்போதும் வெறும் தண்ணீர் போதும்.