ரன் என்றால் ஓடு, தீர்ந்ததா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு நூற்றுக்கணக்கில் பொருள் இருக்கிறதாமே? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், 'ரன்' என்ற வினைச்சொல்லை மட்டும் பிரித்து அடுக்க ஒன்பது மாதம் உட்கார்ந்தார். தேறியது 645 பொருள். அதற்கு முன் முதலிடத்தில் இருந்தது 'செட்'. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430. அகராதியே தொழிலாக இருப்பவருக்கு இவ்வளவு காலம் பிடித்ததை நீங்கள் தேர்வுக்குள் நெட்டுரு போடப் பார்க்கிறீர்கள். நோட்ஸ் விற்கிறவர்கள் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு பொருள். ரன் என்றால் ஓடு, தீர்ந்தது! இந்தப் பட்டியல்களை எத்தனை தடவை திட்டினாலும் எனக்கு அலுக்காது.

கூட எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். ரயில் அங்கேயும் ஓடும், இங்கேயும் ஓடும். சரி. ஜலதோஷம் வந்தால் அவர்களுக்கு மூக்கு 'ரன்' ஆகும், நமக்கு ஒழுகும். ஹோட்டலை அவர்கள் 'ரன்' பண்ணுவார்கள், நாம் நடத்துவோம். அமெரிக்கத் தேர்தலில் வேட்பாளர் 'ரன்' பண்ணுவார். பிரிட்டனில் அவரே 'ஸ்டாண்ட்' பண்ணுவார், நம்மூர் வேட்பாளரைப் போல நிற்பார். பதற்றத்தில் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதை 'ரன்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் ஒருவருக்கும் புரியாது. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கைவசம் இருந்தது தீர்ந்துபோவது. 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, வண்டியானால் மோதுவது.

அதனால் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிற அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். தமிழுக்கே 1992இல் க்ரியா பதிப்பகத்தின் அகராதி அதைச் செய்து காட்டிவிட்டது. பொருளை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். நாளுக்கு நாலு போதும்.

அப்புறம், கிரிக்கெட் 'ரன்' விஷயம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'ஓட்டங்கள்' என்று அழகாக எழுதுகின்றன. இங்கே நாம் 'ரன்கள்' என்று ஆங்கிலத்துக்குக் 'கள்' ஒட்டுகிறோம். நான் இலங்கைக்காரர்கள் கட்சி. நம் விளையாட்டுப் பக்கத்தில் அடுத்த இதழிலிருந்து ஓட்டங்கள்தான். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.